சதானந்தனின் முறை

சுவாமிதாசின் தொழுவத்தில் எட்டுப் பசுக்கள். எட்டும் போடுகிற சாணியும் மூத்திரமும், தொழுவம் கழுவிய வெள்ளமும் ஒரே சாலில் இறங்கி சிமெண்டுத் தொட்டியில் போய் விழும். அதற்கு ஊரில் சாணிவெள்ளம் என்று பேர். சுவாமிதாஸ் பட்டாளத்துப் பால்பண்ணையில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து, பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் ஒரு மேட்டு நிலம் வாங்கித் தொழுவம் கட்டினார். வீட்டுக்குப் போட்டதைவிடச் சாணித்தொட்டிக்குத்தான் அதிகம் சிமெண்டு போட்டார் என்று ஆட்கள் சிரித்தார்கள். அந்தத் தொட்டிக்குக் குழி வெட்டியது இரண்டு பேர். ஒருவன் ஞானையன், பிறகு அந்தத் தொழுவத்திலேயே வேலைக்கு நின்றவன். மற்றவன் சதானந்தன்.

தொட்டி இரண்டு. ஒன்று நிறையும்போது மற்றொன்று மூடிக் கிடந்து பழுக்கும். மூன்று வாரம் பழுத்தால் மூக்கைத் துளைக்கிற வீச்சம் அடங்கும். அதற்குப் பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு கிணற்று வெள்ளம் சேர்த்துக் கலக்கி, மடையைத் திறந்துவிட வேண்டும். பிளந்து குடைந்த கமுகுமரம் வழியாக அது கீழே ஓடும். மேட்டிலிருந்து தாழ்வாக ஐந்து விளைகள், ஒன்றுக்கு ஒன்று கீழே. முதலாவது சுவாமிதாசுக்கு. இரண்டாவது சுந்தரனுக்கு. மூன்றாவது ராஜதாஸ் செல்லபாய் குடும்பத்துக்கு. நாலாவது சதானந்தனுக்கு. கடைசியில் கிடப்பது சபைக்குச் சொந்தமான துண்டு. ஐந்திலும் கினிப்புல். சாணிவெள்ளம் சும்மா கிடைக்கும். அறுக்கிற புல்லில் பாதியைத் தொழுவத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மீதிப் பாதி அவரவர் வீட்டுப் பசுவுக்கு. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு விளை. அப்படி ஐந்து சனிக்கு ஒருமுறை எல்லோருக்கும் முறை வரும்.

எந்த விளைக்கு வெள்ளம் திரும்ப வேண்டுமோ அந்த விளையின் வாய்க்குக் கீழே கமுகை ஒரு பலகையால் அடைக்க வேண்டும். அயனிப் பலகை, ஒரு முழ அகலம். முறை முடிந்ததும் ஞானையன் அந்தப் பலகையைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டுபோய் அடுத்த வீட்டு முற்றத்தில் சாத்துவான். பலகை யார் முற்றத்தில் நிற்கிறதோ வருகிற சனி அவனுடையது. அதில் பேச்சுக்கு இடமில்லை. வழியில் போகிறவனுக்கும் தெரியும்.

"எந்தா ஞானையா, பொண்ணு கெட்டிக் கொண்டுவருந்நோ?" என்று சதானந்தன் பலகையைப் பார்த்ததும் கேட்பான்.

"உனக்குக் கெட்டிக் குடுக்க இதுவே அதிகமாக்கும்" என்பான் ஞானையன். சதானந்தனின் பெண்டாட்டி அம்மிணி உள்ளேயிருந்து, ரெண்டு பேரும் அதைக் கெட்டிக்கொண்டு போங்கள், எனக்கு நிம்மதி என்பாள். அவள் மலையாளத்தில் சொல்வாள். இவன் தமிழில் பதில் சொல்வான். இருபது வருசமாக அப்படித்தான். யார் எந்தப் பாஷை பேசுகிறார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஞானையனுக்கு முப்பத்தாறு வயதில் எழுத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கட்டிடத்துப் பின்பக்கத்தில் தமிழ் வகுப்பு நடந்தது. திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் சென்னையோடு சேர வேண்டும் என்ற பேச்சு வலுத்த காலம். கட்சிக்காரர்கள் பத்திரிகை கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். தையல்காரன் யோசுவா இந்தப் பக்கத்துக்குச் செயலாளர். "நம்மக்க எழுத்து நம்மக்க கண்ணுல ஏறாம எப்பிடிலே நம்மக்க நாடு வரும்?" என்று அவன்தான் ஞானையனைப் பெஞ்சில் உட்காரவைத்தான். சாணி கலக்குகிற கை. சிலேட்டுக்குச்சியைப் பிடித்தால் ஒடிந்துபோகும். ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் சாலையோரச் சுவரில் யாரோ எழுதியிருந்ததை முழுசாகப் படித்துவிட்டு அங்கேயே நின்று இன்னொரு தடவை படித்தான். பிறகு சபையில் வேதபாடம் வாசிக்கவும் அவனை விட்டார்கள். தொண்டை பெரிது. தெளிவாக வாசித்தான்.

எழுத்து வந்தவனுக்கு எழுதாமல் இருக்க முடியுமா? ஒருநாள் சுவாமிதாசிடம் சொன்னான்.

"ஐயா, இனி இந்தப் பலகையெ வீடு வீடாட்டுச் சுமக்காண்டாம். தொட்டிச் செவுருல கரி வச்சு நான் முறை எழுதிப் போடுதேன். யாருக்க சனி, எந்த மாசம், எல்லாம் அதுல கெடக்கும்."

சுவாமிதாசுக்குப் பட்டாளத்து ஞாபகம் வந்து சந்தோஷமாயிற்று. "அதுதான் ஒழுங்கு" என்றார். பலகை தொழுவத்துக்குப் பின்னால் போயிற்று. வெள்ளை அடித்த சுவரில் ஞானையன் பெரிய பெரிய எழுத்தில் ஐந்து பெயரையும் எழுதினான். நாலு வீட்டுக்காரர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தது மூன்று பேருக்கு. சதானந்தனுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும். அவன் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இதில் என்றெ பேர் ஏதா?"

"நாலாவது நிக்கியது."

"கொள்ளாம். பலகையேக்காள் வண்ணம் உண்டு" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஐம்பத்துநாலு ஆடிக் கடைசியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்தது. ஆட்கள் செத்தார்கள். செய்தி வந்த அன்று பாறசாலைச் சந்தையில் ஒரு கடை திறக்கவில்லை. மறுவாரம் இந்தப் பக்கத்திலும் ஊர்வலம் போனவர்களைப் பிடித்தார்கள். செல்லபாயின் புருஷன் ராஜதாசை முட்டுக்குக் கீழே அடித்து, நடக்க முடியாமல் ஆக்கித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். செல்லபாய்க்கு இரண்டு பிள்ளைகளும் ஒரு சிவலைப் பசுவும் மிச்சம். பசு தலைச்சன் ஈன்று பால் குடிக்கிற கன்றோடு நின்றது. காலையில் மூன்று படி, மத்தியானம் ஒன்றரை. அந்தப் பால் விற்ற காசில்தான் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது.

வாசகசாலையில் உட்கார்ந்திருந்தபோது யோசுவா கேட்டான்: "எலே ஞானையா, நீ தமிழ்ச் சாணியெ எல்லாம் மலையாளத்துக்கு ஊத்திக் குடுக்கியாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். "சாணிக்கு என்ன பாசைடே?" என்று ஞானையனும் சிரித்தான்.

"சாணிக்கு இல்லை. புல்லு தின்னுத வாய்க்கு உண்டு. ராஜதாசு செயில்ல கெடக்கான். அவனுக்க பசு காஞ்ச ஓலையெ தின்னுது. உனக்க கூட்டுக்காரன் சதானந்தனுக்க ரெண்டு பசுவும் கொழுத்து நிக்கியது. நீ பாத்துக்கோ மக்கா, நான் ஒண்ணும் சொல்லல்லை."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஞானையன் வீட்டுக்கு நடக்கும்போது அது கூடவே நடந்தது. ஊர்வலத்துக்கு அவன் போகவில்லை. எட்டுப் பசுவையும் விட்டுவிட்டுப் போக வழியில்லை. ராஜதாஸ் அடி வாங்கினான். தான் என்ன செய்தோம்? தன்னிடம் இருப்பது ஒரு தொட்டியும் ஒரு மடையும்தானே என்று நினைத்தான்.

ஆவணியில் செல்லபாயின் சனி கழிந்து, அடுத்த சனி சதானந்தனுடையது. சனிக்கிழமைகளில் சதானந்தன் வாழைக்குலை சுமந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போய்விடுவான். ஞானையன் பலகையை எடுத்து நாலாவது விளைக்குப் போகவில்லை. மூன்றாவது விளையின் வாயிலேயே அடைத்தான். சாணிவெள்ளம் முழுவதும் மறுபடியும் செல்லபாயின் புல்லுக்குள் புகுந்தது. சாயங்காலம் சுவரில், சதானந்தனின் பெயருக்கு நேரே, 'ஆவணி நாலாம் சனி' என்று எழுதி ஒரு கோடு போட்டான். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அதுதான் பிற்பாடு அவனுக்கு விளங்காத காரியம். முதன்முதலாகத் தன் பேரை எழுதியபோது சிலேட்டுக்குச்சியை ஒடித்த கை அது.

செல்லபாய் கேட்டாள். "இது எனக்க முறை இல்லியே அண்ணா?"

"முதலாளி சொன்னது. சதானந்தனுக்கு விட்டது போக மிச்சமாக்கும். ராஜதாசு வருவது வரைக்கும்" என்றான்.

ஐந்து வாரம் கழிந்து புரட்டாசியிலும் அப்படியே செய்தான். அப்போது மழை இல்லை. கிணறு அடியோடு தாழ்ந்திருந்தது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளம் துலாவில் கோர இரண்டு ஆள் வேண்டும். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில் சதானந்தன் வந்து கூடக் கோருவான். வெடிவைப்புக்குப் பிறகு அவன் வரவில்லை, இவனும் கூப்பிடவில்லை. பழுத்த தொட்டி முந்திய வாரமே தீர்ந்துவிட்டது. ஞானையன் பழுக்காத தொட்டியின் மடையைத் திறந்தான். வெள்ளம் சேர்க்கவில்லை. பச்சைச் சாணிவெள்ளம் கஞ்சிபோலக் கமுகில் நகர்ந்தது. வீச்சத்தில் கண் எரிந்தது.

அது செய்யக்கூடாதது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. சுவாமிதாஸ் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பச்சையாய் விடாதே. ஒரே விளைக்கு அடுத்தடுத்து விடாதே. விட்டு ஒரு மாசம் கழியாமல் அறுக்காதே. "கறுத்த புல்லு புல்லு இல்லை, கேட்டியா? வறட்சியில எருவைக் குடிச்சுக் கெடந்த புல்லு, ஒரு மழை கண்டதும் கறுத்துப் பொங்கும். பாக்க நல்ல அழகு. பசு சாவும்." பட்டாளத்தில் ஒரே பகலில் ஏழு பசு விழுந்ததைப் பார்த்தவர் அவர்.

ஐப்பசி பிறந்ததும் ஒரே ஒரு நாள் நல்ல மழை. செல்லபாயின் விளையில் புல் ஒரு வாரத்தில் இடுப்புக்கு வந்தது. கருநீலம் ஓடிய பச்சை. கீழே சதானந்தனின் விளை மஞ்சளாய்க் கிடந்தது. வரப்பில் நின்று பார்த்தால் ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

சதானந்தன் தொட்டிக்கு வந்தான். "எடா, எனிக்கு ரெண்டு முறையாயிட்டு வெள்ளம் வந்நில்ல."

ஞானையன் சுவரைக் காட்டினான். "உனக்க பேருக்கு நேர எழுதிக் கெடக்கே."

"எழுதியது புல்லு குடிக்குமோ?"

"எனக்கு வேலை கெடக்கு" என்று ஞானையன் உள்ளே போய்விட்டான்.

சதானந்தன் இறங்கிப் போய்ச் செல்லபாயின் வரப்பில் நின்றான். அவள் அப்போதுதான் அறுத்துக்கொண்டிருந்தாள். புல் ஒரு மாசம் ஆகவில்லை. ஆனால் இடுப்பு உயரம் நிற்கிற புல்லைப் பார்த்துக்கொண்டு பசுவைப் பட்டினி போட யாரால் முடியும்? சதானந்தனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாலு பேர் கேட்கக் கத்தினான். "என்றெ முறையாணு நீ அறுக்குந்நது! நோக்கிக்கோ, இது தின்னால் நின்றெ பசுவினு செரிக்கூலா!"

"மாப்பிள்ளை இல்லாத்த வீடு எண்ணு நெனச்சு வரப்புல நின்னு வெரட்டுதியா?" என்று அவளும் விடவில்லை. சுந்தரன் வந்து இருவரையும் விலக்கினான்.

இது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மணி அடிக்கிற நேரத்தில் சிவலை தொழுவத்து மேட்டில் விழுந்தது. காலை உதைத்தது. மூச்சு நாய் இரைப்பது போல வாங்கியது. ஆராதனைக்கு வந்தவர்கள் பைபிளும் கையுமாக அங்கே ஓடினார்கள். சுவாமிதாஸ் சைக்கிளில் ஆள் அனுப்பி மிருக டாக்டரை வரவழைத்தார். டாக்டர் வந்து சேரும்போது கன்று செத்த பசுவின் மடியை முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டர் ஈறைப் புரட்டிப் பார்த்தார். காதில் ஒரு நரம்பைக் கீறினார். வந்த ரத்தம் சிவப்பாக இல்லை. கடுங்காப்பி நிறம்.

"விசம் தானே டாக்டரே?" என்று யோசுவா முன்னால் வந்து கேட்டான்.

"விஷம் ஆகலாம். எரு மிஞ்சின புல்லு தின்னாலும் ரத்தம் இப்படி ஆகும்." டாக்டர் நிமிர்ந்தார். "இந்தப் புல்லுக்கு என்ன விட்டீர்கள்? எப்போதெல்லாம் விட்டீர்கள்?"

சுவாமிதாசுக்கு அதில் சந்தேகமே இல்லை. "எல்லாம் முறைப்படி டாக்டர். எழுதியே வச்சிருக்கு. எலே ஞானையா, வாசிச்சுக் காட்டு."

எல்லோரும் தொட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். சபை முழுவதும் அங்கே நின்றது. செல்லபாய் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் காதில் ஏறாமல் இருந்தாள். கீழே, தன் வரப்பில் சதானந்தன் நின்றான். மேலே ஏறி வரவில்லை, போகவும் இல்லை.

ஞானையன் சுவருக்கு முன்னால் போய் நின்றான். தொண்டையைச் சரிசெய்தான். வேதபாடம் வாசிக்கிற அதே குரல்தான் வந்தது.

"சுவாமிதாஸ், ஆவணி முதல் சனி. சுந்தரன், ஆவணி ரெண்டாம் சனி. செல்லபாய், ஆவணி மூணாம் சனி." அங்கே ஒரு நொடி நின்றான். சதானந்தன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "சதானந்தன், ஆவணி நாலாம் சனி."

அப்புறம் நிற்கவில்லை. புரட்டாசியையும் வாசித்து முடித்தான். சதானந்தன் பெயரை இரண்டு தடவை வாசித்தான்.

"அப்போ எரு மிஞ்ச வழியில்லை" என்றார் டாக்டர். கையைக் கழுவினார். காரணம் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சைக்கிள் ஏறினார். அவர் சாலையைத் தொடுவதற்கு முன்பே யோசுவா சொல்லிவிட்டான். "அப்பம் வெசமாக்கும். முறை கெடச்சவன் கெடைக்கல்லை எண்ணு வந்து சண்டை போட்டது எதுக்கு? செரிக்காது எண்ணு முன்னாலயே பறஞ்சான் இல்லியா? நாலுபேரு கேட்டதுதானே?"

செல்லபாய் எழுந்தாள். வரப்பில் இறங்கி நேரே நடந்தாள். புருஷன் பக்கத்தில் வந்து நின்ற அம்மிணியின் முகத்தில் துப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் யாரும் கூடிப்பேசிச் செய்யவில்லை. சதானந்தன் வீட்டுப் பாலை வாங்கிக்கொண்டிருந்த சாயாக்கடை வேண்டாம் என்றது. குலை வந்த வாழை பன்னிரண்டை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். மலையாளக் கட்சிக்காரர்கள் சிலர் வந்து, நீ ஒரு வாக்குச் சொல்லு, நாங்கள் காட்டித் தருகிறோம் என்று நின்றார்கள். அவன் அவர்களைப் படி ஏற்றவில்லை. சுவாமிதாஸ், "ஊரு அடங்கட்டு" என்று சொல்லி அவன் பெயரை முறையிலிருந்து எடுத்தார். ஞானையன் பழைய எழுத்துக்குப் பக்கத்தில் புது மாசத்துக்கு எழுதும்போது நாலாவது இடத்தை வெறுமனே விட்டான்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், ஞானையன் தொட்டி கலக்கிக்கொண்டிருந்தபோது சதானந்தன் வந்தான். தொட்டியின் திண்டில் உட்கார்ந்தான். தொட்டி கட்டிய காலத்தில் இரண்டு பேரும் அந்தத் திண்டில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தார்கள்.

"ஞானையா, நினக்கு அறியாம்." தெரியும் என்றுதான் சொன்னான், கேட்கவில்லை.

ஞானையன் கலக்குவதை நிறுத்தவில்லை.

"ஞான் ஊரினோடு பறயான் பறயுந்நில்ல. அவளோடு மாத்ரம் பற. செல்லபாயோடு. அது மதி, வேறெ ஒன்னும் வேண்டா. அம்மிணி இப்போள் கிணற்றங்கரைக்குப் போகுந்நில்ல. வீட்டினு வெளியில் இறங்குந்நில்ல."

"ராஜதாசு வரட்டு" என்றான் ஞானையன். "அவன் வந்தா நான் நேர போய்ப் பறையுதேன். சத்தியமாட்டு. இப்பம் பறஞ்சா கட்சிக்கு நாணக்கேடு. எல்லாம் கொழைஞ்சு போவும்."

சதானந்தன் கலக்குகிற கம்பைப் பார்த்தான். "வலத்தோட்டு கலக்கு. அடியில் கட்டியாயிட்டு கிடக்குந்நு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். மார்கழி பிறப்பதற்குள் இரண்டு பசுவையும் விற்றுவிட்டு, அம்மிணியின் அண்ணன் இருக்கிற ஆரியங்கோட்டுக்குக் குடிபோனான். அங்கே ரப்பர் வெட்டுகிற வேலை என்று கேள்வி.

மறுவருசம் ராஜதாஸ் வந்தான். மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். மாலை போட்ட ஆளிடம் போய்ச் சாணிவெள்ளத்துக் கதை பேசுவது எப்படி? எல்லை பிரிக்கிற கமிசனின் முடிவு வரட்டும் என்று நினைத்தான். கமிசன் எழுதியதில் தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னைப் பக்கம் போயின, இந்த ஊர் கிடக்கிற நெய்யாற்றின்கரை போகவில்லை. இன்னும் மாற்றுவார்கள் என்று யோசுவா சொன்னான். அது ஆகட்டும் என்று நினைத்தான். ஐம்பத்தாறு நவம்பரில் எல்லாம் முடிந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பட்டாசு வெடித்தது. இங்கே சத்தம் கேட்டது. யோசுவா கொடியை மடித்துத் தையல் மிசின் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒருத்தன் சட்டைக்குக் காஜா போட உட்கார்ந்தான். இனி எதைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடுவது என்று ஞானையனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தள்ளிப்போட்டான்.

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். வீடு முடிந்து, தொழுவம் முடிந்து, இந்தத் தடவை தொட்டிச் சுவருக்கும் ஒரு கை போடச் சொன்னார் சுவாமிதாஸ். வருசம் இரண்டு ஆகியும் அந்தப் பழைய எழுத்து கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில் மழை படாமல் அப்படியே இருந்தது. ஞானையன் சுண்ணாம்பில் தேங்காய் நார்க் கட்டை முக்கினான். கையைத் தூக்கினான். போடவில்லை. சுண்ணாம்பு முழங்கை வழியே வடிந்து அக்குளுக்குள் போயிற்று.

புல்லுக்கட்டோடு வந்த செல்லபாய் பார்த்தாள். "என்ன அண்ணா, செவுத்துல சிலந்தி உண்டா?"

அவன் சொன்னான். திரும்பிப் பார்க்காமல் சுவரிடம் சொல்வது போலச் சொன்னான். ஆவணி நாலாம் சனி என்றான். புரட்டாசி நாலாம் சனி என்றான். பச்சைச் சாணிவெள்ளம், ஒரு சொட்டு வெள்ளம் சேர்க்காதது என்றான். முதலாளி சொன்னார் என்றது பொய் என்றான்.

அவள் கட்டை இறக்கி வைத்தாள். சுவருக்கு அருகே வந்தாள். பிறகு, "அதுல அவனுக்க பேரு எது?" என்று கேட்டாள். படிக்கத் தெரிந்தவள்தான். ஆனாலும் கேட்டாள். அவன் விரல் வைத்துக் காட்டினான்.

"பசு போச்சு. அது போட்டு" என்றாள். "நான் அவளுக்க முகத்துல துப்பினேன் அண்ணா. கழுவாத வாயி, பசுவுக்க எச்சிலு கையி. அப்பிடியே துப்பினேன். நீரு பாத்துட்டு நின்னீரு."

"நின்னேன்."

"ரெண்டு வருசமாட்டு நான் தாற கஞ்சியும் குடிச்சீரு."

அவன் நார்க் கட்டைச் சுண்ணாம்புக்குள் போட்டான்.

"அந்தப் பலகை எங்க? அதை எடும். நாளைக்குக் காலத்த போவணும். நானும் வாறேன்."

தொழுவத்துக்குப் பின்னால் பலகை கிடந்தது. ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. மறுநாள் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பெருங்கடவிளையில் இறங்கி ஆரியங்கோட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ரப்பர். வரிசை வரிசையாய் ஒரே அளவு மரம். நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. செல்லபாய் முன்னால் நடந்தாள்.

சரிவில் ஓலைக் குடில். அம்மிணி முற்றத்தில் ரப்பர்ப் பாலை உறையவைக்கிற தகரத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். செல்லபாயைக் கண்டதும் கையிலிருந்த தட்டோடு எழுந்து ஒரு அடி பின்னால் போனாள். ஒதுங்கிப் பழகிவிட்ட உடம்பு அது. செல்லபாய் அங்கேயே, முற்றத்து மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான் கெட்ட காரியம் செய்தேன். எனக்கு ஒண்ணும் பறையத் தெரியல்லை" என்று அழுதாள். அம்மிணி தட்டைக் கீழே வைக்கவும் இல்லை. பக்கத்தில் வரவும் இல்லை. கொஞ்சம் கழித்து உள்ளே போய் ஒரு செம்பு வெள்ளம் கொண்டுவந்து, எட்டாத தூரத்தில் வைத்தாள்.

சதானந்தன் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தான். மெலிந்திருந்தான். கையிலும் வேட்டியிலும் ரப்பர்ப் பால் கறுத்து ஒட்டியிருந்தது. ஞானையன் பலகையைச் சாக்கிலிருந்து எடுத்து, பழைய பழக்கத்தில், கதவுப் பக்கத்துச் சுவரில் சாத்தினான். "உனக்க முறை" என்றான்.

சதானந்தன் பலகையைத் தடவிப் பார்த்தான். கரையான் அரித்த மூலையில் விரலை வைத்தான்.

"நீ வாயிக்கான் துடங்கியப்போள் ஞான் பயந்நில்ல" என்றான் நிதானமாக. "செல்லபாயுடெ பேர் கழிஞ்ஞு நீ ஒன்னு நின்னு. அப்போள் ஞான் கருதி, இனி இவன் பறயும் எந்நு. என்றெ கூட்டுக்காரனல்லே. நீ என்றெ பேர் வாயிச்சு. நல்ல உச்சத்தில்."

"அண்ணைக்கு ஒரு வாக்கு நான்..."

"அன்னு ஒரு வாக்கு மதியாயிருந்நு. இன்னு எத்ர பறஞ்ஞாலும்..." ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தான். "மகளெ இவிடெ கெட்டிச்சு கொடுத்து. இனி அங்ஙோட்டு வந்நிட்டு எந்து காரியம்?"

"உனக்க விளை கெடக்கு. முறை உண்டு. நான் பலகை கொண்டுவருவேன்."

"இவிடெ வரெயோ?" சதானந்தன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. "இப்போள் ஆரா கூடெ வெள்ளம் கோருந்நது?"

"ஒருத்தரும் இல்லை. ஒத்தைக்கு ஆக்கும்."

"எங்கில் குறச்சு குறச்சு கலக்கு. முழுவனும் ஒருமிச்சு கலக்கண்டா."

போகும்போது அம்மிணி அந்தப் பலகையை எடுத்துச் சுவரோரம் இரண்டு கல்லின் மேல் வைத்து, கழுவிய தட்டுகளை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். செல்லபாய் திரும்பிப் பார்த்தாள். ஞானையனும் பார்த்தான். கேட்டு வாங்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. வாசலில் வைத்திருந்த செம்பில் வெள்ளம் யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்து ஞானையன் சுவருக்கு வெள்ளையடித்தான். புதுசாக முறை எழுதவில்லை. சுவாமிதாஸ் கேட்டதற்கு, மனசில் இருக்கிறது என்றான்.

தை முதல் சனியிலிருந்து முறை தொடங்கிற்று. நாலாம் சனி வந்தது. முந்திய நாள் முழுவதும் ஒற்றைக்கு நின்று துலா இழுத்தான். பழுத்த தொட்டி, ஒன்றுக்கு மூன்று வெள்ளம், கொஞ்சம் கொஞ்சமாக, வலப்பக்கமாகக் கலக்கினான். காலையில் மடையைத் திறந்துவிட்டு நாலாவது விளைக்கு இறங்கினான். அங்கே இரண்டு வருசமாக அறுக்க ஆளில்லாமல் புல்லும் களையும் முள்ளும் ஒன்றாய் வளர்ந்து கிடந்தன. கமுகை அடைக்கப் பலகை இல்லை. மேலே உள்ள விளைகளுக்கு வாழைத்தண்டே போதுமாயிருந்தது. ஒரு வாழைத்தண்டை வெட்டி வைத்தான். இங்கே சரிவில் வெள்ளம் அதைத் தள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று வைத்தான். அதன் இரண்டு பக்கமும் ஒழுகிக் கீழே சபையின் விளைக்கு ஓடியது.

ஞானையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கமுகுச் சாலில் இறங்கினான். வலதுகாலைக் குறுக்கே வைத்து அடைத்தான். சாணிவெள்ளம் கணுக்காலில் முட்டி, சற்று நின்று, பிறகு சதானந்தனின் விளைக்குள் திரும்பியது. தொட்டி காலியாக இரண்டு மணிக்கூர் ஆகும். மேலே வரப்பில் புல்லறுக்க வந்த செல்லபாய் அவனைப் பார்த்தாள். அவன் காலை எடுக்கவில்லை.